தன் நாற்காலியை ஒழிக்கப் பாடுபட்ட கவர்னர்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் புதுச்சேரிக்காரன். 'மாநில அந்தஸ்து' என்ற சொல்லைத் தேர்தல் மேடைகளிலும் டீக்கடைகளிலும் கேட்டே வளர்ந்தவன். அதனால் உலகத்தில் எங்காவது ஒரு பிரதேசம் மாநிலமான கதை கண்ணில் பட்டால் படிக்காமல் விட மாட்டேன். அப்படிப் படித்ததில் மனசில் தங்கிப்போன ஒருவரைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். அவர் பெயர் எர்னஸ்ட் குரூனிங். 1939 டிசம்பர் முதல் 1953 ஏப்ரல் வரை அலாஸ்காவின் கவர்னர். வாஷிங்டன் அனுப்பிவைத்த கவர்னர். அலாஸ்கா மாநிலமாகிவிட்டால் அப்படி ஒரு பதவியே இருக்காது, மக்களே ஓட்டுப் போட்டுத் தங்கள் கவர்னரைத் தேர்ந்தெடுப்பார்கள். அது நன்றாகத் தெரிந்தும், பதவியில் இருந்த காலம் முழுக்க அதற்காகவே உழைத்தவர் அவர்.

அலாஸ்காவை ரஷ்யாவிடமிருந்து அமெரிக்கா வாங்கியது 1867-இல். விலை 72 லட்சம் டாலர். வாங்கியபின் பல ஆண்டுகள் அதைக் கவனிக்க ஆளில்லை. 1884-இல்தான் ஒரு சிவில் நிர்வாகம் வந்தது. 1912-இல் சட்டமன்றம் கிடைத்தது, ஆனால் கையைக் கட்டிப்போட்டுக் கொடுத்த சட்டமன்றம். கவர்னரை நியமிப்பவர் ஜனாதிபதி. மீன்வளத்தைப் பற்றிச் சட்டம் போட அந்த மன்றத்துக்கு உரிமை இல்லை. அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு ஒரு பிரதிநிதியை அனுப்பலாம். அவர் பேசலாம், ஓட்டுப் போட முடியாது. எங்கள் புதுச்சேரி எம்.பி.க்கு அந்த உரிமையாவது இருக்கிறது. ஜனாதிபதி தேர்தலிலும் அலாஸ்கா மக்களுக்கு ஓட்டுக் கிடையாது. ஆனால் மத்திய அரசின் வரியை மட்டும் தவறாமல் கட்ட வேண்டும். 1916-இலேயே ஜேம்ஸ் விக்கர்ஷாம் என்ற பிரதிநிதி மாநில அந்தஸ்து மசோதாவைக் கொண்டுவந்தார். யாரும் சட்டை செய்யவில்லை.

சரி, குரூனிங் யார்? நியூயார்க்கில் ஒரு கண் மருத்துவரின் மகன். ஹார்வர்டில் மருத்துவம் படித்து 1912-இல் பட்டம் வாங்கினார், வைத்தியம் பார்க்கவில்லை; பத்திரிகைக்குப் போய்விட்டார். ஹைதி நாட்டை அமெரிக்கப் படைகள் பிடித்து வைத்திருந்ததை எதிர்த்து இடைவிடாமல் எழுதியவர். அப்படிப்பட்டவரை 1934-இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட், அமெரிக்காவின் பிரதேசங்களையும் தீவுகளையும் கவனிக்கும் துறைக்குத் தலைவராக உட்கார வைத்தார். அங்கே அவருக்கும் அவருடைய அமைச்சர் ஹரால்ட் இக்கிஸுக்கும் ஒத்துப்போகவில்லை. 52-ஆவது வயதில் அலாஸ்காவுக்கு அனுப்பப்பட்டார்.

அலாஸ்காக்காரர்கள் அமெரிக்காவின் மற்ற பகுதிகளை ஒரே சொல்லில் 'வெளி' என்பார்கள். வெளியிலிருந்து வந்தவர் என்றால் கொஞ்சம் தள்ளியே நிறுத்துவார்கள். இவரும் வெளியாள்தான். ஆனால் வந்ததும் இவர் கணக்குப் பார்த்த விஷயம், அந்த ஊர்க்காரர்களே பல ஆண்டுகளாக வயிறெரிந்துகொண்டிருந்த விஷயம்.

அலாஸ்காவின் பெரும் செல்வம் சால்மன் மீன். கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்குத் திரும்பும் மீன் அது. எந்தக் காலத்தில், எந்த வழியாக வரும் என்பது கடலோரத்தில் எல்லாருக்கும் தெரியும். அந்த வழியில் கம்பங்களை நட்டு, வலைச் சுவர் கட்டி, கூட்டத்தை அப்படியே ஒரு கூண்டுக்குள் திருப்பிவிடும் அமைப்புக்கு மீன்பொறி என்று பெயர். படகு ஓட்டத் தேவையில்லை, வலை வீசத் தேவையில்லை. மீன் தானாக வந்து விழும், அள்ள வேண்டியதுதான். இந்தப் பொறிகளில் பெரும்பாலானவை சியாட்டில், சான் பிரான்சிஸ்கோவில் இருந்த டின் மீன் கம்பெனிகளுக்குச் சொந்தம். உள்ளூர் மீனவர் சின்னப் படகோடு கடலுக்குப் போவார். வரவேண்டிய மீன் பொறியில் ஏற்கெனவே மாட்டியிருக்கும். மீன்வளம் வாஷிங்டன் கையில் இருந்ததால் அலாஸ்கா சட்டமன்றம் இதைத் தடுக்க முடியாது.

வரி போடலாம் அல்லவா? அங்கேதான் குரூனிங் மோதினார். தங்கச் சுரங்கம், சால்மன், கப்பல் என்று எடுத்துக்கொண்டு போகிறவர்கள் எல்லாரும் கோடிக்கணக்கில் சம்பாதிக்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் ரோட்டுக்கும் காசில்லை. 1941-இல் அவர் கொண்டுவந்த வரித் திட்டத்தைச் சட்டமன்றம் தோற்கடித்தது. கம்பெனிகளின் ஆட்கள் தலைநகர் ஜூனோவிலேயே முகாமிட்டு உறுப்பினர்களைக் கவனித்துக்கொண்டார்கள். அவர் விடவில்லை. சட்டமன்றம் கூடும்போதெல்லாம் மறுபடி கொண்டுவந்தார். 1949-இல்தான் வருமான வரிச் சட்டம் நிறைவேறியது. எட்டு ஆண்டுகள்! இந்த வரிச் சண்டை இல்லாமல் மாநில அந்தஸ்து வந்திருக்காது என்பது என் எண்ணம். 'உங்களால் சொந்தச் செலவைத் தாங்க முடியுமா?' என்பதுதானே வாஷிங்டன் எப்போதும் கேட்கும் முதல் கேள்வி.

இதற்கு நடுவே இன்னொரு போராட்டம் நடந்தது. 1941 டிசம்பர் 30 தேதியிட்டு அவருக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர்கள் எலிசபெத் பெராட்ரோவிச், ராய் பெராட்ரோவிச் என்ற டிளிங்கிட் பழங்குடித் தம்பதியர். ஜூனோவுக்கு எதிர்க்கரையில் இருந்த ஒரு விடுதியின் வாசலில் 'பழங்குடியினருக்கு அனுமதி இல்லை' என்று பலகை மாட்டியிருந்தார்கள். பழங்குடி இளைஞர்களும் நாட்டைக் காக்கப் பட்டாளத்துக்குக் கூப்பிடப்பட்டுக்கொண்டிருந்த நேரம் அது. குரூனிங் அவர்களோடு சேர்ந்துகொண்டார். இப்படிப் பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்யும் மசோதா 1943-இல் சட்டமன்றத்தில் தோற்றது. பழங்குடியினரே தேர்தலில் நிற்க வேண்டும் என்று அவர் ஊக்கம் கொடுத்தார், இரண்டு பேர் ஜெயித்தும் வந்தார்கள். 1945 பிப்ரவரியில் அலாஸ்கா சட்டமன்றத்தின் மேலவையில் நடந்த விவாதத்தின்போது ஓர் உறுப்பினர், 5,000 ஆண்டு நாகரிகம் உள்ள எங்களோடு கலக்க இவர்கள் யார் என்று கேட்டார். பார்வையாளர் பகுதியில் இருந்த எலிசபெத்துக்குப் பேச வாய்ப்புக் கொடுத்தார்கள். அத்தனை ஆயிரம் ஆண்டு நாகரிகம் உள்ளவர்களுக்கு இந்த நாட்டின் உரிமைச் சாசனத்தை நான் நினைவுபடுத்த வேண்டியிருக்கிறதே என்று அவர் சொன்ன பதிலை அலாஸ்காவில் இன்றும் சொல்வார்கள். மசோதா 11-க்கு 5 என்று நிறைவேறியது. குரூனிங் கையெழுத்திட்ட பிப்ரவரி 16 இன்று எலிசபெத்தின் பெயரில் கொண்டாடப்படும் நாள். அவர் பெயரில் இருப்பதுதான் சரி.

இதற்குள் போர் அலாஸ்காவையே மாற்றிவிட்டது. 1942 ஜூனில் ஜப்பான் டச்சு ஹார்பரில் குண்டு போட்டது, அட்டு, கிஸ்கா என்ற இரண்டு தீவுகளைப் பிடித்தது. கனடா வழியாக அலாஸ்காவுக்கு நெடுஞ்சாலை போட்டார்கள், பட்டாளத்துக்காரர்கள் வந்து குவிந்தார்கள். 1940-இல் சுமார் 72,000 பேர் இருந்த இடத்தில் 1950-இல் ஒரு லட்சத்து 28 ஆயிரத்துக்கு மேல். 1946 அக்டோபரில் மக்களிடமே கேட்டார்கள். மாநிலம் வேண்டும் என்றவர்கள் 9,630 பேர், வேண்டாம் என்றவர்கள் 6,822 பேர். பெரிய வித்தியாசம் இல்லை, வரி ஏறிவிடும் என்ற பயம் பலருக்கு இருந்தது.

1950-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபை 186-க்கு 146 என்று மாநில அந்தஸ்து மசோதாவை ஏற்றது. மேலவையான செனட்டில் அது நகரவே இல்லை. 1952-இல் மறுபடி வந்தது. கமிட்டிக்கே திருப்பி அனுப்புவோம் என்ற தீர்மானம் 45-க்கு 44 என்று ஜெயித்தது. ஒரே ஒரு ஓட்டு! எதிர்த்தவர்களில் முக்கியமானவர்கள் தென் மாநில செனட்டர்கள். புதிதாக வரும் செனட்டர்கள் கறுப்பின மக்களின் உரிமைச் சட்டங்களுக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டுவிடுவார்கள் என்ற அச்சம் அவர்களுக்கு. அப்புறம் கட்சிக் கணக்கு வேறு. அலாஸ்கா ஜனநாயகக் கட்சிக்குப் போகும், ஹவாய் குடியரசுக் கட்சிக்குப் போகும் என்று அன்று எல்லாரும் நம்பினார்கள். அதனால் ஒன்றை விட்டு ஒன்றுக்கு அந்தஸ்து தர எந்தப் பக்கமும் தயாராக இல்லை. பிற்காலத்தில் இரண்டுமே நேர்மாறாகப் போயின.

1953-இல் குடியரசுக் கட்சியின் ஐசனோவர் ஜனாதிபதியானதும் குரூனிங்கின் பதவி போயிற்று. வீட்டுக்குப் போய் ஓய்வெடுத்திருக்கலாம், வயது 66. அவர் அலாஸ்காவிலேயே தங்கி, அதன் வரலாற்றைப் பெரிய புத்தகமாக எழுதினார். 1955 நவம்பரில் ஃபேர்பேங்க்ஸ் அருகே பல்கலைக்கழகத்தில் 55 பிரதிநிதிகள் கூடி, யாரும் கொடுக்காத மாநிலத்துக்கு அரசியல் சட்டம் எழுத உட்கார்ந்தார்கள். அங்கே அவர் பேசிய பேச்சின் தலைப்பு: 'அமெரிக்கக் காலனி ஆதிக்கத்துக்கு முடிவு கட்டுவோம்'. 1776-இல் இங்கிலாந்து அரசர் மீது அமெரிக்கர்கள் வைத்த குற்றச்சாட்டுகளை எடுத்து, இவை இன்று யாருக்குப் பொருந்துகின்றன என்று வாஷிங்டனையே கேட்டார். இந்தப் பேச்சைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

1956 ஏப்ரலில் மக்கள் அந்தச் சட்டத்தை ஏற்றார்கள். மீன்பொறிகளுக்குத் தடை என்ற தீர்மானத்தையும் அதோடு சேர்த்தே ஏற்றார்கள். அதே வாக்குச்சீட்டில் இன்னொரு துணிச்சலும் இருந்தது. 1796-இல் டென்னசி, மாநிலமாக அங்கீகரிக்கப்படுவதற்கு முன்பே செனட்டர்களைத் தேர்ந்தெடுத்துத் தலைநகருக்கு அனுப்பியிருந்தது. அதே வழியில் அலாஸ்காவும் குரூனிங்கையும் வில்லியம் ஈகனையும் 'செனட்டர்களாக'த் தேர்ந்தெடுத்து அனுப்பியது. 1957 ஜனவரியில் செனட் அவர்களைக் கைதட்டி வரவேற்றது. ஆனால் உள்ளே விடவில்லை. மேலே பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். அப்புறம் ஒவ்வொரு உறுப்பினராகத் தேடிப்போய்ப் பேசினார்கள். ஓட்டுரிமை இல்லாத பிரதிநிதி பாப் பார்ட்லெட், ஆண்டுக்கணக்கில் உள்ளே இருந்து அமைதியாக ஆள் சேர்த்தவர். அவர் பங்கைக் குறைத்துச் சொன்னால் அது நியாயமாகாது. 1958 மே மாதம் பிரதிநிதிகள் சபையில் 210-க்கு 166. ஜூன் 30 அன்று செனட்டில் 64-க்கு 20. 1959 ஜனவரி 3 அன்று அலாஸ்கா 49-ஆவது மாநிலம்.

அவர் செய்தது எல்லாம் சரி என்று நான் சொல்ல வரவில்லை. புது மாநிலத்துக்குப் பத்துக் கோடி ஏக்கருக்கு மேல் நிலம் எடுத்துக்கொள்ளும் உரிமை கிடைத்தது. அந்த நிலத்தில் பழங்குடியினருக்கு என்ன உரிமை என்பது 1971 வரை தீர்க்கப்படாமலே கிடந்தது. பலகையை அகற்றப் போராடிய அதே குரூனிங், நில விஷயத்தில் அவர்கள் பக்கம் அவ்வளவு உறுதியாக நிற்கவில்லை. எனக்கு இது வருத்தம்தான்.

செனட்டராக அவர் மறுபடியும் முறையாகத் தேர்தலில் நிற்க வேண்டியிருந்தது. எதிர்த்து நின்றவர் மைக் ஸ்டெப்போவிச், ஜனாதிபதி கடைசியாக நியமித்த கவர்னர், அலாஸ்காவிலேயே பிறந்தவர், வயதில் மிக இளையவர். 71 வயதான 'வெளியாள்' அந்த மண்ணின் மகனை ஜெயித்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் மாடத்திலிருந்து பார்த்த அவைக்குள் ஓட்டுரிமையோடு போய் உட்கார்ந்தார்.

1964 ஆகஸ்டில், வியட்நாமில் படையைப் பயன்படுத்த ஜனாதிபதிக்கு அதிகாரம் கொடுக்கும் டோன்கின் வளைகுடாத் தீர்மானம் அந்த அவைக்கு வந்தது. ஆதரவாக 88 ஓட்டுகள். எதிராக இரண்டே இரண்டு. ஒன்று ஓரிகன் மாநிலத்து வேய்ன் மோர்ஸ் போட்டது. இன்னொன்று அலாஸ்காவின் ஓட்டு.

நன்றி, வணக்கம்.