‘நீ’ திரும்பி வந்த இரவு
(வாசகர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையில் உள்ள அனைவருக்கும் வணக்கம். உடன்பிறந்தவர்களைப் பற்றிப் பேச அழைத்தபோது, தம்பியிடம் கேட்டுக்கொண்ட பிறகுதான் சம்மதித்தேன். இது அவன் கதையும்தான்.

எங்கள் ஊர் மன்னார்குடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. நான் மூத்தவள். தம்பி நான்கு வயது இளையவன். அவனுக்கும் கீழே தங்கை. 2008இல் அப்பா காலமானார். வருஷத் திதி முடிந்த கையோடு பூர்வீக நிலத்தைப் பற்றிய பேச்சு வந்தது. பெண்கள் இருவரும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவோம் என்று தம்பி நம்பியிருந்தான். நான் பங்கு கேட்டேன்.

பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்று தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் சட்டம் வந்தது. ஆனால் அதற்கு முன்பே திருமணமான பெண்களுக்கு அது பொருந்தவில்லை. என் கல்யாணம் 1986இல், தங்கைக்கு 1992இல். ஒரே வயிற்றில் பிறந்த இருவருக்கு நடுவே ஒரு தேதி நின்றது. 2005இல் மத்திய அரசின் திருத்தம் அந்த வேறுபாட்டை நீக்கியது. இதையெல்லாம் எடுத்துச் சொன்னேன். “நீங்கள் கேட்பது நியாயமே இல்லை” என்றான் தம்பி. அந்த ‘நீங்கள்’தான் என்னைச் சுட்டது. பேசத் தொடங்கிய நாளிலிருந்து ‘அக்கா, நீ வா’ என்றே அழைத்தவன் அவன்.

எனக்கு மூன்று மா நிலம் வந்தது, ஏறக்குறைய ஒரு ஏக்கர். கேட்டதற்காக இன்றும் நான் வருந்தவில்லை. பங்கை விட்டுக்கொடுக்கிறவளுக்குத்தான் பாசம் உண்டு என்று சொல்வதை என்னால் ஏற்கவே முடியாது.

அதன்பின் 13 ஆண்டுகள் கல்யாண மண்டபங்களில் மட்டுமே பார்த்துக்கொண்டோம். “வாருங்கள், சாப்பிட்டீர்களா?” அவ்வளவுதான். மொய் எழுதிவிட்டு, தாம்பூலப் பையோடு பஸ் ஏறிவிடலாம். முன்பெல்லாம் கல்யாணம் வீட்டிலேயே நடக்கும். நான்கு நாள் முன்னதாகவே வந்து, கூடத்தில் வரிசையாகப் பாய் விரித்துப் படுப்போம். விளக்கை அணைத்த பிறகுதான் உண்மையான பேச்சே ஆரம்பிக்கும். மண்டபம் வந்ததில் நாம் இழந்தது அந்த இராத்திரிப் பேச்சைத்தான்.

2022 பிப்ரவரியில் அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. ஒரு நாள் இருந்து பார்த்துவிட்டு வரலாம் என்று போனவள் ஐந்து இரவுகள் தங்கினேன். சொட்டு மருந்து விடும் வேலை தம்பியுடையது. நெல் மூட்டை தூக்கிக் காய்த்துப்போன கை, அம்மாவின் கண்ணுக்கு மேலே நடுங்கியது. மருந்து கன்னத்தில் வழிந்து காதுக்குள் இறங்கியது. நான் ஒன்றும் பேசாமல் கீழ் இமையை விரலால் இழுத்துப் பிடித்தேன். அடுத்த சொட்டு சரியாக விழுந்தது. அன்றிலிருந்து இமை என் பொறுப்பு, மருந்து அவன் பொறுப்பு.

மூன்றாம் இரவு மின்சாரம் போய்விட்டது. இருட்டில் பேச்சு 1977 நவம்பர் 12 புயலுக்குப் போனது. நாகப்பட்டினத்துப் பக்கம் கரையேறி எங்கள் டெல்டாவைப் புரட்டிப் போட்ட புயல். விடிந்ததும் வாசலில் சாய்ந்து கிடந்த தென்னை மட்டுமே எனக்கு நினைவிருக்கிறது. தங்கைக்கு அம்மாவின் ஈரப்புடவை வாசனை. தம்பி சொன்னான்: “நீ என்னைக் குதிருக்குள் இறக்கிவிட்டாய். ஓடு விழும்போதெல்லாம் எண்ணினாய். நூறு விழுந்தால் புயல் நின்றுவிடும் என்றாய். 87 வரைக்கும் கேட்டேன், அப்புறம் தூங்கிவிட்டேன்.”

எனக்கு அது சுத்தமாக நினைவில் இல்லை. பதின்மூன்று வயதில் நான் அவ்வளவு தைரியசாலியாக இருந்திருக்கிறேன் என்பதை 45 ஆண்டுகளாக அவன் வைத்திருந்திருக்கிறான், என்னோடு பேசாத 13 ஆண்டுகளையும் சேர்த்து. ‘நீ’ என்று அவன் சொன்னதைக்கூடச் சற்றுத் தாமதமாகத்தான் உணர்ந்தேன்.

அந்த மூன்று மா இன்னும் என் பெயரில்தான் இருக்கிறது. இப்போது குத்தகைக்கு அவனே பயிர் வைக்கிறான்.

தூக்கத்தில் அம்மா கண்ணைக் கசக்கிவிடக் கூடாது என்று, ஆளுக்கொரு பக்கம் படுத்து ஆளுக்கொரு கையைப் பிடித்திருந்தோம். நள்ளிரவு தாண்டியிருக்கும். “அக்கா, நீ தூங்கு” என்றபடி இருட்டில் துழாவி, என் பிடியிலிருந்த அம்மாவின் கையையும் அவன் வாங்கிக்கொண்டான்.