மெரிடித் விக்டரியின் சரக்கறைகள்

நேயர்களுக்கு வணக்கம்.

போர் என்றதும் நம் கண்முன் நிற்பது பீரங்கியும் விமானமும்தான். அந்தப் பீரங்கிக்குக் குண்டு எப்படி வந்தது, விமானத்துக்கு எண்ணெய் யார் கொண்டுவந்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. சரக்குக் கப்பலில் பல வருஷம் வேலை பார்த்தவன் என்பதால், எனக்கு முதலில் அந்தக் கேள்விதான் வரும். அதனால்தான் இன்றைக்கு 1950ஆம் ஆண்டு கொரியப் போரில் ஓடிய மெரிடித் விக்டரி என்ற சரக்குக் கப்பலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

அமெரிக்காவின் ராணுவக் கடல் போக்குவரத்துச் சேவை 1949 அக்டோபர் 1 அன்று தொடங்கியது. தலைவர், வில்லியம் காலகன் என்ற கடற்படை அதிகாரி. 1950 மார்ச்சில்தான் தரைப்படையின் கப்பல்கள் அவர் கைக்கு வர ஆரம்பித்தன. ஜூன் 25 அன்று கொரியாவில் போர் மூண்டுவிட்டது. கைவசம் இருந்த கப்பல்கள் போதவில்லை. தனியார் கம்பெனிக் கப்பல்களை வாடகைக்குப் பிடித்தார்கள். உலகப் போர் முடிந்து ஓரங்கட்டி வைத்திருந்த விக்டரி ரகச் சரக்குக் கப்பல்களையும் மறுபடி கடலில் இறக்கினார்கள். அவற்றை ஓட்டியவர்கள் சிப்பாய்கள் இல்லை, சம்பளத்துக்கு வேலை பார்த்த சாதாரண மாலுமிகள். செப்டம்பரில் கொரியாவின் மேற்குக் கரையில் உள்ள இன்சோனில் படைகளை இறக்கப் போன கப்பல்களில், 5 வருஷத்துக்கு முன்பு எதிரிகளாக இருந்த ஜப்பானியர் ஓட்டியவையும் உண்டு.

அப்புறம் டிசம்பர் வந்தது. வடகொரியாவுக்கு ஆதரவாகச் சீனப் படை உள்ளே புகுந்ததும், கொரியாவின் வடகிழக்குப் பகுதியில் இருந்த, அமெரிக்கா தலைமையிலான ஐ.நா. படைகள் ஹங்நாம் துறைமுகத்துக்குப் பின்வாங்கின. அங்கிருந்து கடல் வழியாக வெளியேறியவர்கள் சுமார் 1,05,000 படைவீரர்கள். கூடவே 17,500 வாகனங்கள், மூன்றரை லட்சம் டன் சரக்கு. இத்தனையும் போக, ஊரைவிட்டு ஓடிவந்த பொதுமக்கள் ஒரு லட்சம் பேருக்குப் பக்கம் கரையில் பனியில் நின்றார்கள். முதலில் அவர்கள் கணக்கிலேயே இல்லை. ஹியூன் போங்-ஹாக் என்ற கொரிய மருத்துவர் படைத்தளபதியிடம் விடாமல் மன்றாடியதும் ஒரு காரணம், அவர்களையும் ஏற்றிக்கொள்ள உத்தரவு கிடைத்தது.

மெரிடித் விக்டரி அப்படி வாடகைக்கு ஓடிய ஒரு சரக்குக் கப்பல். பயணிகளுக்கு அதில் இருந்த இடம் 12 பேருக்குத்தான். கேப்டன் லெனார்ட் லரூவுக்கு 36 வயது. கரையை ஒரு தடவை பார்த்தார், முடிந்தவரை எல்லோரையும் ஏற்றச் சொல்லிவிட்டார். டிசம்பர் 22 இரவு ஏற்ற ஆரம்பித்து, மறுநாள் முற்பகல் வரை ஏற்றினார்கள்.

எப்படி ஏற்றினார்கள் தெரியுமா? சரக்கு ஏற்றுகிற மாதிரியேதான். பெட்டிகள் தூக்குகிற பலகையில் அம்மாவையும் பிள்ளைகளையும் பெரியவர்களையும் நெருக்கி நிறுத்தி, கப்பலின் பளுதூக்கியால் அப்படியே தூக்கி சரக்கறைக்குள் இறக்கினார்கள். அடித்தட்டு நிரம்பியதும் அதற்கு மேல்தட்டு, அதுவும் நிரம்பியதும் அடுத்தது. கடைசியில் மேல்தளத்திலும் நிற்க இடமில்லை. ஏறியவர்கள் 14,000 பேர்.

இதை அதிசயம் என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நான் அப்படி நினைக்கவில்லை. எந்த எடையை எங்கே வைத்தால் கப்பல் சாயாது என்று கை பழகிய மாலுமிகள் அங்கே இருந்தார்கள். அந்த வேலைப் பழக்கத்துக்குரிய மரியாதையை நாம் கொடுத்தாக வேண்டும்.

உள்ளே வெளிச்சம் கிடையாது, சூடு கிடையாது. சோறு, தண்ணீர் ஏறக்குறைய இல்லை. டாக்டரும் இல்லை, மொழி தெரிந்தவரும் இல்லை. வெளியே கடலில் கண்ணிவெடிகள். சரக்கறையிலோ விமான எண்ணெய் பீப்பாய்கள் இருந்தன. குளிர் தாங்காமல் சிலர் அந்தப் பீப்பாய்கள் மேலேயே நெருப்பு மூட்டிவிட்டார்கள். மாலுமிகள் ஓடிப்போய், கையாலும் சைகையாலும் கெஞ்சி அணைக்க வைத்தார்கள். எண்ணெய்க் கப்பல் பக்கம் போன யாருக்கும் இதைக் கேட்டாலே அடிவயிறு கலங்கும்.

24ஆம் தேதி தென்கொரியாவின் பூசான் துறைமுகத்தை அடைந்தபோது, அங்கே ஏற்கெனவே அகதிகள் நிரம்பிவிட்டார்கள், இறக்க முடியாது என்றார்கள். கப்பல் தென்மேற்கே கோஜே தீவுக்குத் திரும்பியது. கப்பலைக் கரையோடு கட்டி நிறுத்த அங்கே துறை இல்லை. கரைவரை போய் ஆட்களை இறக்கக்கூடிய தரையிறக்கக் கப்பல்களைப் பக்கத்தில் கட்டி, அலை ஆட்டத்துக்கு நடுவே 26ஆம் தேதி ஒவ்வொருவராக இறக்கினார்கள்.

வழியில் ஒருவர்கூடச் சாகவில்லை. அந்த இருட்டறைகளுக்குள் 5 குழந்தைகள் பிறந்திருந்தன. இறங்கும்போது எண்ணிக்கை 14,005.