இலங்கைச் சட்டத்தரணி ஒன்ராறியோவில் தொழில் செய்யலாமா?

அடுத்த கேள்வி ரொறன்ரோவிலிருந்து ஒரு தங்கச்சி அனுப்பியது. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் சட்டமாணி முடித்தவர். 7 வருடம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடிபட்டவர்களுக்காக வழக்காடியிருக்கிறார். "இங்கே திரும்ப முதலிலிருந்து படிக்க வேண்டுமா? கனடியக் குடியுரிமை இல்லாமல் சட்டத்தரணியாக விடுவார்களா?" என்று கேட்கிறார்.

குடியுரிமை தேவையில்லை. அந்தத் தடையை உடைத்தவரும் உங்களைப் போல வெளியிலிருந்து வந்தவர்தான். மார்க் அன்ட்ரூஸ், பிரித்தானியர், ஒக்ஸ்போர்ட்டில் சட்டம் படித்தவர். மற்ற எல்லாத் தகுதியும் இருந்தும், குடிமகன் இல்லை என்பதற்காக பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் அவரைச் சட்டத்தரணியாகச் சேர்க்கவில்லை. அவர் வழக்குப் போட்டார். அந்த நிபந்தனை கனடிய உரிமைச் சாசனத்தில் சமத்துவத்தைச் சொல்லும் 15ஆம் பிரிவுக்கு முரண் என்று 1989இல் கனடாவின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தப் பிரிவைப் பற்றி அந்த நீதிமன்றம் கொடுத்த முதல் தீர்ப்பே அதுதான்.

சரி, படிப்பு. முழுப் பட்டமும் திரும்ப வேண்டாம். என்.சி.ஏ. என்கிற தேசிய அங்கீகாரக் குழுவுக்கு விண்ணப்பியுங்கள். உங்கள் படிப்பையும் அனுபவத்தையும் பார்த்து, எந்தெந்தப் பரீட்சை எழுத வேண்டும் என்று சொல்வார்கள். அரசியலமைப்பு, நிர்வாகச் சட்டம், குற்றவியல், கனடியச் சட்ட அடிப்படைகள், தொழில் ஒழுக்கம் ஆகிய ஐந்தும் கட்டாயம் வரும். வீட்டிலிருந்து படித்தே எழுதலாம். அப்புறம் ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் உரிமப் படிகள்.

அதில் ஆர்ட்டிக்ளிங், அதாவது உரிமமுள்ள சட்டத்தரணியின் கீழ் செய்யும் வேலைப் பயிற்சி, ஒன்று. ஏற்கெனவே தொழில் செய்தவர்கள் விலக்குக் கேட்கலாம். உங்களுக்கு நான் அந்த விலக்கைப் பரிந்துரைக்க மாட்டேன். இலங்கையில் அடிப்படை உரிமை மனு என்றால் ஒரு மாதத்துக்குள் நேரே நாட்டின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றத்துக்குப் போவீர்கள். இங்கே அப்படி ஒரே வாசல் இல்லை. அகதி மேன்முறையீடும் தோற்றால் சமஷ்டி நீதிமன்றம், அதற்கு 15 நாள்தான் தவணை. முதலாளியோ வீட்டுக்காரரோ பாகுபாடு காட்டினால் மனித உரிமைத் தீர்ப்பாயம், அதற்கு ஒரு வருடம். இதெல்லாம் ஒரு நல்ல சட்டத்தரணிக்குப் பக்கத்தில் இருந்து ஃபைல் பார்த்தால்தான் கைக்கு வரும்.

இன்னொன்று. "நீங்கள் சட்டத்தரணிதானே, இந்த அகதி மனுவை எழுதித் தாருங்கள்" என்று நம் ஆட்களே வந்து கேட்பார்கள். பாவமாகத்தான் இருக்கும். ஆனாலும் உரிமம் வரும்வரை தனியாகத் தொடாதீர்கள், பின்னர் உங்கள் விண்ணப்பத்தையே அது பாதிக்கும். அதற்குப் பதிலாக, உரிமமுள்ள ஒரு சட்டத்தரணியின் மேற்பார்வையில் வேலைக்குச் சேருங்கள். சித்திரவதைக்குள்ளானவரிடம் எந்தத் தேதி, எந்த முகாம், வைத்தியர் என்ன எழுதினார் என்று பதறவிடாமல் கேட்டுச் சத்தியக்கடதாசி எழுத உங்களுக்குத் தெரியும். அகதி வழக்குப் பார்க்கும் அலுவலகங்களில் அந்தத் திறமைக்குப் பெரிய தேவை இருக்கிறது.

பெறுபேற்றுப் பத்திரத்தைப் பல்கலைக்கழகமே என்.சி.ஏ.க்கு நேரடியாக அனுப்ப வேண்டும், உங்கள் கையில் உள்ள பிரதி செல்லாது. கொழும்பில் யாரையாவது பிடித்து இந்தக் கிழமையே அந்த அலுவலைத் தொடங்குங்கள்.