ஆறு பிரித்து வைக்கும் மணல்

வணக்கம் நேயர்களே. தலவாக்கலைப் பக்கம் கொத்மலை ஓயாவில் இறங்கியவர்களுக்கு அங்கே கிடக்கும் கற்கள் தெரியும். பெரும் பாறைகள், நடுவே உருண்டைக் கற்கள். அந்தத் தண்ணீர் மகாவலியில் கலந்து பேராதனைக்கு வந்தால் மணல். 335 கிலோமீட்டர் ஓடிக் கொட்டியாரக்குடாவை நெருங்கும்போது பொடிமணலும் வண்டலும்.

ஏன் என்று கேட்டால், கல்லோடு கல் உரசித் தேய்கிறது என்பார்கள். உண்மைதான். 1875இல் ரைன் ஆற்றுக் கற்களை ஆராய்ந்த ஸ்டெர்ன்பர்க் என்ற பொறியியலாளரும் தேய்மானத்தைத்தான் சொன்னார். ஆனால் கூர்முனைகள் சீக்கிரம் மழுங்கிவிடும். அப்புறம் தேய்வது மெதுவாகத்தான். மணலளவுக்கு வந்த குவார்ட்ஸ் என்கிற கடினக்கல் துணுக்கு தண்ணீருக்குள் தேய்வது மிக மிகக் குறைவு. பல ஆறுகளில் பெரிய வேலையைச் செய்வது தண்ணீர் பிரித்தெடுப்பதுதான். நான் எங்கே பேசினாலும் இதைச் சொல்லாமல் விடுவதில்லை.

சுளகில் அரிசி புடைப்பதைப் பாருங்கள், அதேதான். மலையில் சரிவு அதிகம், தண்ணீருக்கு இழுவை அதிகம். சரிவு குறையக் குறைய இழுவையும் குறையும். பெரிய கல் முதலில் நின்றுவிடும், சிறியது இன்னும் போகும். களிமண் துகள் ஒரு மில்லிமீட்டரில் 250இல் ஒரு பங்குகூட இருக்காது. அது கலங்கல் தண்ணீரோடு கடல்வரை போகும்.

கம்பளைப் பக்கம் மணல் அள்ளும் ஒரு அண்ணனிடம் இதை விளக்கப் போனேன். அவர் என்னை ஆற்று வளைவுக்குக் கூட்டிப்போனார். "வெள்ளம் வடியும்போது பருமணல் முதல்ல விழும் தம்பி, பொடி அதுக்கு மேல படியும். கட்டடத்துக்கு வேணும்னா மேல் படையை வழிச்சிட்டு அள்ளணும்" என்றார். கையில் எடுத்துத் தேய்த்துக் காட்டினார்: கீழே இருந்தது நறநறத்தது, மேலே இருந்தது விரலில் ஒட்டியது. பல கிலோமீட்டரில் ஆறு செய்வதை அந்த ஒரு முழக் குழிக்குள் பார்த்தேன். எடையும் கணக்கில் வரும், மறந்துவிடாதீர்கள். இரத்தினபுரியில் மாணிக்கம் தேடுகிறவர்கள் 'இல்லம்' என்கிற பரல் படையைத் தோண்டுவது அதனால்தான். கனமான கல் அங்கே தங்கிவிடும், இலேசான மணல் போய்விடும்.

இடையில் கிளையாறு ஒன்று புதுக் கல்லைக் கொட்டினால், அந்த இடத்தில் பருமன் மறுபடி கூடும்.

சரி, நேரம் நெருங்குகிறது. அணைகளைச் சொல்லியே ஆகவேண்டும். நீர்த்தேக்கத்தில் தண்ணீர் நின்றுபோவதால் பருமணல் ஆறு உள்ளே வரும் தலைப்பிலேயே விழுகிறது, சேறு அணைக்கட்டுவரை போய்ப் படிகிறது. மகாவலியில் உள்ள பொல்கொல்லை அணையில் அப்படித்தான் நிறையச் சேர்ந்தது. கீழே உள்ள ஆற்றுக்கு மணல் வருவதும் குறைகிறது. தேயிலை மலைகளில் கான் என்கிற வடிகால் வெட்டி மண்ணை மேலேயே நிறுத்துவதைப் பற்றியும் பேச வந்தேன், அதற்கு இன்று நேரமில்லை. உங்கள் மலையில் கான்கள் தூர்ந்திருந்தால், இந்த மழைக்கு முன்பே வாரிவிடுங்கள். வணக்கம்.