யாருடைய உடை?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இவ்வளவு நேரமாகியும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கிற அவையோரே, எல்லோருக்கும் வணக்கம்.

‘கத்தோலிக்கத் திருவழிபாட்டில் சொந்தப் பண்பாட்டு உடையும் மரபும் விசுவாசத்தை வளர்க்கின்றனவா, குழப்புகின்றனவா?’ வளர்க்கின்றன என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் மூன்று கல் எறிந்துவிட்டுப் போயிருக்கிறார். உலகம் முழுக்க ஒரே திருப்பலி, அதாவது ஒரே பூசை, அதில் ஊருக்கு ஓர் உடை எதற்கு என்றார். பலிபீடம் என்ன மாறுவேடப் போட்டி மேடையா என்று கேட்டார், நன்றாகக் கைதட்டும் வாங்கினார். கடைசியாக, 428-ல் திருத்தந்தை, அதாவது போப், முதலாம் செலஸ்தின் எழுதிய கடிதத்தை எடுத்துக் காட்டினார். குருக்கள் மற்றவர்களிடமிருந்து உடையால் அல்ல, போதனையாலும் நடத்தையாலும் வேறுபட வேண்டும் என்கிற கடிதம்.

அந்தக் கடிதத்துக்காக அவருக்கு என் நன்றி. எங்கள் அணிக்கு வேண்டிய சாட்சியை அவரே கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

அந்தக் கடிதம் யாருக்குப் போனது? இன்றைய பிரான்சின் தென்பகுதியில் இருந்த ஆயர்களுக்கு. துறவிகளாக இருந்து ஆயர்களான சிலர் தனியாக ஒரு போர்வையும் இடுப்புக் கச்சையுமாக வரத் தொடங்கியிருந்தார்கள். அதைத்தான் செலஸ்தின் கண்டித்தார். அப்படியானால் அந்தக் காலத்துக் குரு எதை உடுத்திப் பூசை வைத்தார்? ஊரில் மற்றவர்கள் உடுத்தியதைத்தான். இன்றைக்குக் குரு உள்ளே போடுகிறாரே நீண்ட வெள்ளை அங்கி, அது ரோமானியர்களின் துனிக்கா. அதன்மேல் போடுகிறாரே காசுலா, அது ரோமானியர்கள் மழைக்கும் குளிருக்கும் போட்டுக்கொண்ட, தலை நுழைய நடுவில் ஓட்டை வைத்த போர்வை. லத்தீனில் காசுலா என்றால் சின்ன வீடு. உள்ளே புகுந்துகொண்டால் குடிசைக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்குமாம். அப்புறம் காலம் மாறியது. ஊர்மக்கள் குட்டை உடைக்குப் போனார்கள், குருக்கள் மட்டும் பழையதை விடவில்லை. அதில் பட்டு ஏறியது, ஜரிகை ஏறியது, இன்ன காலத்துக்கு இன்ன நிறம் என்ற ஒழுங்கு வந்தது. மழைப் போர்வை திருவுடை ஆகிவிட்டது.

இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அழகான உடை. ஆனால் அதுவும் ஓர் ஊரின் சொந்த உடைதான் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். பண்பாட்டு உடை வேண்டுமா வேண்டாமா என்று நாம் இங்கே பேசுகிற மாதிரி ஒரு தோற்றம் இருக்கிறது, நடுவர் அவர்களே. அப்படியில்லை. பலிபீடத்தில் பண்பாட்டு உடை ஏற்கெனவே இருக்கிறது. யாருடையது மட்டும் ஏறலாம் என்பதுதான் வழக்கு.

இன்னொன்றும் சொல்கிறேன். திருமணத் திருப்பலிக்கு மணமகள் வெள்ளை கவுனில் வந்தால்தான் கத்தோலிக்க முறை என்று உலகத்தில் எத்தனை பேர் நினைக்கிறார்கள்! அந்த வழக்கம் பரவியதற்குப் பெரிய காரணம், 1840-ல் இங்கிலாந்து அரசி விக்டோரியா தன் கல்யாணத்துக்கு வெள்ளை உடுத்தியது. அந்த அம்மா கத்தோலிக்கர்கூட இல்லை. ஆங்கிலிக்கன் சபையின் தலைவி. அவர் உடை கோயிலுக்குள் வந்தபோது விசுவாசம் குழம்பவில்லை. ஓர் ஆப்பிரிக்கப் பெண் தன் பாட்டி நெய்த துணியில் வந்தால் குழம்பிவிடுமா?

சரி, மாறுவேடம் என்றாரே, அதற்கு வருகிறேன். அந்தப் பயம் முழுக்கப் பொய் என்று சொல்ல மாட்டேன். உடையின் பொருள் தெரியாமல் போட்டால் வேடம்தான். இதை அனுபவித்துக் கற்றவர் மத்தேயோ ரிச்சி என்ற இத்தாலிய இயேசு சபைக் குரு. 1583-ல் அவரும் சக இயேசு சபையாரும் தென்சீனாவில் குடியேறியபோது தலையை மழித்து, பௌத்தத் துறவியின் அங்கியைப் போட்டுக்கொண்டார்கள். சமயத் துறவி என்றால் இந்த நாட்டில் இதுதான் உடை என்று நினைத்தார்கள். போகப்போகத்தான் தெரிந்தது, கற்றவர்கள் நடுவில் அந்த அங்கிக்குப் பெரிய மதிப்பில்லை என்று. 1595 வாக்கில் ரிச்சி தலைமுடியையும் தாடியையும் வளர்த்துக்கொண்டு, அறிஞர்கள் உடுத்தும் பட்டு அங்கிக்கு மாறினார். கதவுகள் திறந்தன. பன்னிரண்டு வருடம் தப்பான உடையில் இருந்த மனிதர் அந்த மக்களின் கண்ணால் தன்னைப் பார்க்கக் கற்றுக்கொண்டார். வேடம் போடுகிறவன் அந்த வேலைக்குப் போக மாட்டான்.

அதற்கு அடுத்த கதைதான் வேதனை. சீனக் கிறிஸ்தவர்கள் முன்னோரை வணங்கும் சடங்கு குடும்ப மரியாதையா, சிலைவழிபாடா என்று துறவற சபைகளுக்குள் சண்டை. 1659-லேயே மறைப்பணியைக் கவனிக்கிற ரோமைத் தலைமையின் துறையான விசுவாசப் பரப்புப் பேராயம் ஆசியாவுக்குப் புறப்பட்ட மறைப்பணியாளர்களுக்குத் தெளிவாக எழுதியிருந்தது: பிரான்சையோ ஸ்பெயினையோ இத்தாலியையோ சீனாவுக்குத் தூக்கிக்கொண்டு போவதைவிட அபத்தம் வேறென்ன, நீங்கள் கொண்டுபோக வேண்டியது விசுவாசத்தை. அதே ரோமை 1704-ல் சீனச் சடங்குகளுக்குத் தடை போட்டது, 1715-ல் அதை இறுக்கியது. பேரரசர் காங்ஷி 1721-ல் பதிலுக்குக் கிறிஸ்தவப் போதனையைத் தடுத்தார். 1742-ல் இனி விவாதமே கூடாது என்று ரோமை கதவைச் சாத்தியது. பிறகு 1939-ல் 12-ம் பயஸ், அந்தச் சடங்குகள் குடும்ப, சமூக மரியாதைகளே என்று அனுமதித்தார். கதவு சாத்திக் கிடந்தது 197 ஆண்டுகள், நடுவர் அவர்களே! அப்பனுக்குப் பத்தி கொளுத்துவதா, ஞானஸ்நானம் வாங்குவதா என்று தலைமுறை தலைமுறையாக மனிதர்களைப் பிரித்து நிறுத்தினோம். எதிரணியினர் குழப்பம் என்கிறார்களே, சொந்த மரபைத் தடுத்ததால் வந்த குழப்பத்துக்கு இதைவிடப் பெரிய கணக்கு உண்டா?

கனடாவுக்கு வாருங்கள். அங்கே பூர்வகுடிப் பிள்ளைகளுக்கென்று அரசு ஏற்படுத்திய உறைவிடப் பள்ளிகளில் பெரும்பகுதியை நடத்தியவை கத்தோலிக்க அமைப்புகள். பிள்ளை வந்ததும் முதல் வேலை என்ன தெரியுமா? பின்னலை வெட்டுவது. அம்மா தைத்துப் போட்டுவிட்ட உடையைக் கழற்றிச் சீருடை மாட்டுவது. தாய்மொழியில் பேசினால் அடி. உடை வெறும் வெளித்தோற்றம்தானே என்று எதிரணியினர் சொல்கிறார்கள். வெளித்தோற்றம் என்றால் ஏன் அதை முதலில் பறித்தார்கள்? பறித்தவர்களுக்குத் தெரிந்திருந்தது, அந்தப் பின்னலில் என்ன இருக்கிறது என்று. 1984-ல் கனடா போன திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், கிறிஸ்து தம் உடலின் உறுப்பினர்கள் வழியே தாமே ஒரு பூர்வகுடி என்று அந்த மக்கள் நடுவே நின்று சொன்னார். 2022 ஜூலை 25-ம் தேதி மஸ்குவாசிஸில் திருத்தந்தை பிரான்சிஸ் மன்னிப்புக் கேட்டார். கேட்டு முடித்ததும் அந்த மக்கள் அவருக்கு இறகுக் கிரீடம் கொடுத்தார்கள். தலையில் வைத்துக்கொண்டார். அவர்களிடமிருந்து எடுத்துப்போட்ட அதே வகைப் பொருள். இதை மாறுவேடம் என்று சொல்ல யாருக்காவது மனம் வருமா?

இனி எதிரணியினர் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று. நானே எடுத்துப் போடுகிறேன், இல்லாவிட்டால் இந்த வாதம் நேர்மையாக இருக்காது. 1606-ல் மதுரைக்கு வந்த இத்தாலிய இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நோபிலி காவி உடுத்தினார். பூணூல், குடுமி, சந்தனம் எல்லாம் சமூக அடையாளங்களே என்று வாதாடி, 1623-ல் திருத்தந்தை 15-ம் கிரகோரியின் அனுமதியும் வாங்கினார். காவி பற்றி எனக்கு வழக்கில்லை. ஆனால் பூணூலோடு சாதியும் உள்ளே வந்தது. உயர்சாதிக்கு ஒரு வகைச் சாமியார், மற்றவர்களுக்குப் பண்டாரசாமி என்று மறைப்பணியே பிரிந்தது. அது தப்பு. ஆளை ஆளிடமிருந்து ஒதுக்குகிற எதையும் ‘எங்கள் மரபு’ என்று சொல்லிக் கோயிலுக்குள் கொண்டுவர முடியாது. எங்கள் அணிக்கு அதில் இரண்டு கருத்தில்லை. அதற்காக உடை, விளக்கு, கும்பிடு எல்லாவற்றையும் சேர்த்து வெளியே தள்ளுவது, உமியை ஊதப்போய் அரிசியையும் ஊதிவிடுகிற கதை.

ஒரே திருப்பலி என்கிற வாதத்துக்கு நான் பதில் சொல்ல வேண்டியதே இல்லை, திருச்சபையே சொல்லிவிட்டது. 1963-ல், உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய ஏட்டில், விசுவாசத்தையோ பொது நன்மையையோ பாதிக்காத இடங்களில் கறாரான ஒரேமாதிரியைத் திணிக்க விரும்பவில்லை என்றது. ஒரு மக்களின் வழக்கம் மூடநம்பிக்கையோடும் பிழையோடும் பிரிக்க முடியாதபடி பின்னியிருக்கிறதா என்று பார், இல்லையென்றால் பரிவோடு எடுத்துக்கொள் என்பதுதான் அது சொன்ன வழி. திருவுடையின் துணியும் வடிவமும்கூட அந்தந்தப் பகுதி ஆயர்கள் பார்த்து மாற்றக்கூடியவை. 1969-ல் இந்திய ஆயர்கள் கேட்ட 12 அம்சங்களை ரோமை ஏற்றதும் இந்த வழியில்தான். முழங்காலிடுவதற்குப் பதில் கைகூப்பி வணங்குவது, தரையில் உட்காருவது, வழக்கமான ரோமைத் திருவுடைகளுக்குப் பதில் ஓர் எளிய அங்கியும் அங்கவஸ்திரமும், ஆரத்தி.

இதிலெல்லாம் எனக்கு மிகவும் பிடித்தது காங்கோ. 1988-ல் ரோமை ஏற்ற சயீர் முறைத் திருப்பலி (சயீர் என்பது அப்போது அந்த நாட்டின் பெயர்). தொடக்கத்தில் புனிதர்களோடு சேர்த்து, நேர்மையாக வாழ்ந்த முன்னோரையும் கூப்பிடுகிறார்கள். நாம் தொடக்கத்திலேயே செய்கிற பாவமன்னிப்பு வழிபாடு அங்கே மறையுரைக்கும் விசுவாச அறிக்கைக்கும் பிறகு வருகிறது. முதலில் கடவுள் பேசுகிறார், கேட்ட பிறகுதான் என் குற்றம் எனக்குத் தெரிகிறது, மன்னிப்புக் கேட்கிறேன். உடனே அங்கேயே சமாதான வாழ்த்து. பக்கத்தில் நிற்பவனோடு கைகோத்துவிட்டுத்தான் காணிக்கையைத் தூக்கிக்கொண்டு பீடத்துக்குப் போகிறேன். ‘முதலில் உன் சகோதரனோடு சமாதானம் செய்துகொள், பிறகு வந்து காணிக்கை செலுத்து’ என்று மத்தேயு நற்செய்தியில் இருக்கிறதே, அதைக் காங்கோக்காரர்கள் எழுத்துக்கு எழுத்து செய்கிறார்கள். இதில் விசுவாசம் எங்கே குழம்பியது? நமக்கே தெளிவாகிறது.

2019 டிசம்பர் 1 அன்று இந்த முறைத் திருப்பலியைப் புனித பேதுரு பேராலயத்திலேயே திருத்தந்தை பிரான்சிஸ் நிறைவேற்றினார். 2024 நவம்பரில் மெக்சிகோவின் சான் கிறிஸ்தோபல் மறைமாவட்டப் பூர்வகுடிகளுக்கு அவர்களுடைய சடங்கு நடனமும், பெண்கள் தூபம் காட்டுவதும் திருப்பலியில் அனுமதிக்கப்பட்டன. நற்கருணை வாங்கிய பிறகு நன்றிக்கு ஆடுகிறார்கள். நாம் அந்த நேரத்தில் கடிகாரத்தைப் பார்க்கிறோம்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார், தெரிகிறது. அடுத்து வரும் எதிரணி நண்பருக்கு ஒரு வேண்டுகோள் வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். எந்த ஊரிலும் பிறக்காத, எந்த மனிதரும் முன்பு உடுத்தியிராத ஒரு திருவுடையைப் பலிபீடத்தில் எங்களுக்குக் காட்டுங்கள். காட்டிவிட்டால் எங்கள் அணி மேடையிலிருந்து இறங்கிவிடும். காசுலாவைக் காட்டாதீர்கள், அது மழைப் போர்வை என்று சொல்லிவிட்டேன். வணக்கம்.