நிலவறையிலிருந்து கவென்ட்ரி வரை

நேயர்களுக்கு வணக்கம்.

1943 ஜனவரி. பெர்லினில் செலன்டார்ஃப் பகுதியின் நகரமன்றக் கட்டடம். 17 வயதுப் பையன் ஒருவன் இசையமைப்பாளர் ஷூபர்ட்டின் 'குளிர்காலப் பயணம்' என்ற பாடல் தொகுப்பைப் பாடிக்கொண்டிருக்கிறான். மொத்தம் 24 பாடல்கள். பாதியில் பிரிட்டிஷ் விமானங்கள் குண்டுவீச வந்துவிட்டன. பாடகனும், கேட்க வந்திருந்த 200 பேரும் நிலவறைக்கு ஓடினார்கள். இரண்டு மணி நேரத்துக்கும் மேல் அங்கே முடங்கிக் கிடந்தார்கள். அப்புறம் மேலே ஏறி வந்து, மிச்சப் பாட்டையும் பாடி முடித்தான் அந்தப் பையன்.

அவர்தான் டீட்ரிஷ் ஃபிஷர்-டீஸ்காவ். பாரிடோன் பாடகர். பாரிடோன் என்றால் ஆண் குரலில் நடுக்குரல். உச்சக் குரலான டெனருக்குக் கீழே, அடிக்குரலான பாஸுக்கு மேலே. பாட்டாலேயே நடக்கும் நாடகமான ஓபராவில் காதலன் வேடம் பெரும்பாலும் டெனருக்குத்தான் போகும். அப்பா, நண்பன், எதிரி எல்லாம் பாரிடோனுக்கு. எனக்கு என்னவோ மனிதர்கள் பேசும் குரலுக்கு மிகப் பக்கத்தில் இருப்பது இந்தக் குரல்தான் என்று தோன்றும்.

அதே 1943-இல் அவரைப் படையில் சேர்த்தார்கள். ரஷ்யப் போர்முனையில் குதிரைகளைப் பராமரித்தார். உடல் ஊனமுற்றிருந்த அவருடைய அண்ணனை நாஜிகள் ஒரு காப்பகத்தில் அடைத்துப் பட்டினி போட்டே கொன்றார்கள். 1945-இல் இத்தாலியில் அமெரிக்கர்களிடம் பிடிபட்டு, இரண்டு வருடம் கைதி முகாமில் இருந்தார். ஊர் நினைப்பில் வாடிய சக கைதிகளுக்கு அங்கேயும் பாடினார்.

ஊர் திரும்பிய 1947-இல் இசையமைப்பாளர் பிராம்ஸின் 'ஜெர்மன் ரெக்வியம்' கச்சேரியில் (ரெக்வியம் என்றால் இறந்தவர்களுக்கான இசை) பாட வேண்டியவருக்கு உடம்பு சரியில்லாமல் போக, ஒத்திகைகூட இல்லாமல் இவர் பாடினார். 1948-இல் பெர்லினின் ரியாஸ் வானொலி அதே 24 பாடல்களை இவர் குரலில் பதிவு செய்தது. அப்போது வயது 22. மைக் முன்னால் உட்கார்ந்து பேசுகிற எனக்கு இது ரொம்பப் பிடித்த செய்தி. அந்த ஆண்டின் இறுதியில் வெர்டியின் 'டான் கார்லோஸ்' ஓபராவில் போஸா வேடம். 1954-இல் ஜெர்மனியின் புகழ்பெற்ற பைராய்ட் ஓபரா விழா மேடை.

பெரிய அரங்கம் கிடைத்த பிறகும், ஒரு பியானோவை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு கவிதைகளைப் பாடும் சின்னக் கச்சேரிகளை அவர் விடவில்லை. நிலவறையும் முகாமும் கற்றுக்கொடுத்தது அது என்று நான் நம்புகிறேன். எதிரே எத்தனை ஆயிரம் பேர் இருந்தாலும், ஒருவர் காதருகே சொல்வதுபோல அவரால் பாட முடிந்தது.

1962 மே 30. இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரம். 1940-இல் ஜெர்மானியக் குண்டுகள் அழித்த பேராலயத்தின் பக்கத்திலேயே புதிதாக ஒன்று கட்டியிருந்தார்கள். அதன் திறப்பு விழாவுக்காக ஆங்கிலேய இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் எழுதிய 'போர் ரெக்வியம்' முதன்முறையாக அரங்கேறியது. ஆங்கிலேய டெனர் பீட்டர் பியர்ஸும் இவரும் இரண்டு போர்வீரர்களாகப் பாடினார்கள். தன்னைக் கொன்றவனிடமே பேசும் இறந்த வீரனின் வரிகள் இவருக்கு.

எல்லாம் முடிந்தது. அவரால் எழுந்திருக்க முடியவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே அழுதுகொண்டிருந்தார். பியர்ஸ்தான் அவரைத் தேற்றி எழுப்பினார்.