கறுப்புப் பட்டை மலிந்துவிட்டதா? (பட்டிமன்ற உரை)

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களே, சர்க்கரைப் பொங்கலை ஒரு கை பார்த்துவிட்டு வந்து கண் சொக்க உட்கார்ந்திருக்கும் சியோல் தமிழ்ச் சொந்தங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"டேக்வாண்டோவில் கறுப்புப் பட்டை இன்று பொருள் உள்ள அடையாளமா, வெறும் அலங்காரமா?" கொரியாவின் தற்காப்புக் கலையைப் பற்றிய இதுதான் இன்றைய தலைப்பு. பொருள் உள்ள அடையாளமே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் அண்ணன் மூன்று குண்டுகளைப் போட்டுவிட்டுப் போனார். ஒன்று, இந்த ஊரில் ஏழு வயதுப் பிள்ளைகூடக் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு ஐஸ்கிரீம் சாப்பிடுகிறது என்றார். இரண்டு, அந்தக் காலத்தில் வெள்ளைப் பட்டையே வருடக்கணக்கில் வியர்வையும் அழுக்கும் ஏறித் தானாகக் கறுத்தது, இப்போது கடையில் வாங்கிக் கட்டுகிறார்கள் என்றார். மூன்றாவதாக, ஒரு நாள்கூடப் பயிற்சி செய்யாத அரசியல் தலைவர்களுக்கெல்லாம் ஒன்பதாம் 'தான்', அதாவது கறுப்புப் பட்டையில் ஒன்பதாவது படி, கொடுத்துவிட்டார்களே, அப்புறம் என்ன மதிப்பு என்று கேட்டார். அரங்கமே கை தட்டியது. நானும்தான் தட்டினேன். நன்றாகப் பேசினால் தட்டத்தானே வேண்டும்!

அழுக்குக் கதையை முதலில் முடித்துவிடுவோம், அது சின்ன வேலை. அந்தக் கதை உலகம் முழுக்க எல்லாப் பயிற்சிக் கூடத்திலும் சொல்லப்படுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நடந்தது அதுவல்ல. 'தான்' என்ற படிநிலையைத் தற்காப்புக் கலைக்குள் கொண்டுவந்தவர் ஜப்பானில் ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ. 'கோ' என்ற பலகை விளையாட்டில் ஆட்டக்காரர்களைத் தரம் பிரிக்க வைத்திருந்த முறையை எடுத்து, 1883-இல் தன் மாணவர்கள் இருவருக்கு முதல் தான் கொடுத்தார். சில வருடங்களிலேயே 'தான்' பெற்றவர்கள் கறுப்புப் பட்டை கட்ட வேண்டும் என்று வைத்தார். ஆக, அது முதல் நாளே சாயம் போட்ட பட்டைதான் ஐயா. கொரியாவில் 1940-களில் பயிற்சிக் கூடங்களைத் தொடங்கியவர்களில் பலர் ஜப்பானில் படித்தபோது கராத்தே கற்றவர்கள். அவர்களோடுதான் இந்தப் படிநிலை இங்கே வந்தது. 1955-இல் டேக்வாண்டோ என்று பெயர் வைத்தார்கள், 1972-இல் சியோலின் கங்னம் பகுதியில் டேக்வாண்டோவின் தலைமையகமான குக்கிவோனைத் திறந்தார்கள். பட்டைக்கான சான்றிதழ் இன்றுவரை அங்கிருந்துதான் வருகிறது.

இதில் இன்னொரு வேடிக்கை. ஹ்வாங் கீ தொடங்கிய மூ தொக் க்வான் என்ற பழைய பள்ளியில் 'தான்' பெற்றவர்களுக்குக் கறுப்பே கிடையாது, நள்ளிரவு நீலம்தான். கறுப்பின் மேல் வேறு சாயம் ஏறாது, கற்றுக்கொள்ள ஒன்றும் மிச்சமில்லை என்றாகிவிடும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். முதல் தானோடு எல்லாம் முடிந்துவிடுகிறது என்று அன்றைக்கே யாரும் நினைக்கவில்லை. நினைத்தவர் நம் எதிரணித் தலைவர் மட்டும்தான்!

சரி, அந்த ஏழு வயதுப் பிள்ளைக்கு வருவோம். அண்ணனுக்கு நான் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். அடுத்த தடவை அந்தப் பிள்ளையைப் பார்த்தால் ஐஸ்கிரீமைப் பார்க்காதீர்கள், இடுப்பைப் பாருங்கள். அந்தப் பட்டையில் பாதி சிவப்பு, பாதி கறுப்பு. சட்டைக் கழுத்தின் வி வடிவ ஓரத்திலும் அதே இரண்டு நிறம். ஏன் தெரியுமா? பதினைந்து வயது ஆகாதவர்களுக்குக் குக்கிவோன் 'தான்' கொடுப்பதில்லை, 'பூம்' என்று வேறு ஒரு படி கொடுக்கிறது. பதினைந்து வயது ஆன பிறகுதான் அதைத் 'தான்' படியாக மாற்றிக்கொள்ளலாம். குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே பட்டையைக் கட்டி ஊரை ஏமாற்றுகிறார்கள் என்றீர்களே, அந்த வித்தியாசத்தை அவர்கள் துணியிலேயே தைத்து வைத்திருக்கிறார்கள். நாம்தான் பார்க்கவில்லை.

ஆனாலும் ஒரு வருடம், ஒன்றரை வருடத்தில் முதல் பூம் வாங்கிவிடுகிறார்கள் என்பது உண்மை. அதை நான் மறுக்கவில்லை. பள்ளி விட்டதும் தோஜாங்கின், அதாவது பயிற்சிக் கூடத்தின், மஞ்சள் வேன் வாசலில் வந்து நிற்கிறது. பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போய், ஆறு மணிக்கு வீட்டில் கொண்டுவந்து விடுகிறது. வேலைக்குப் போகும் அம்மாக்களுக்கு அது பாதி காப்பகம். நானும் அந்த அம்மாக்களில் ஒருத்தி, வேனை வணங்காத நாளில்லை. படையில் சேர்ந்த இளைஞர்கள் எத்தனையோ பேர் அங்கேதான் முதல் தான் வாங்கியிருக்கிறார்கள். நம் அலுவலகத்தில் மேசை மேசையாகக் கேட்டுப் பாருங்கள், இந்த ஊர்க்காரர்களில் பலரிடம் எங்கோ ஒரு அலமாரியில் ஒரு பட்டை கிடக்கும்.

இதைத்தான் எதிரணி "மலிந்துவிட்டது" என்கிறது. நடுவர் அவர்களே, எங்கள் அணியின் வாதமே இங்கேதான் இருக்கிறது. கறுப்புப் பட்டை என்றால் பத்துப் பேரை ஒரே ஆளாகப் பந்தாடும் வீரன் என்று நினைத்துக்கொண்டோம். அது சினிமா பார்த்து வந்த நினைப்பு. அந்த அளவுகோலை எடுத்து வந்து இந்த ஊர்ப் பட்டையை அளந்தால் குட்டையாகத்தான் தெரியும். இங்கே முதல் தான் என்பது பத்தாம் வகுப்புப் பாஸ் மாதிரி. ஊரில் எல்லோரும் பத்தாவது பாஸ் பண்ணிவிட்டார்கள் என்பதால் பத்தாவதுக்குப் பொருள் இல்லை என்று யாராவது சொல்வோமா? எழுதப் படிக்கத் தெரியும், இனிமேல் இவனுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கலாம் என்று அர்த்தம். அவ்வளவு அர்த்தம் போதாதா ஐயா?

அடிப்படை என்றால் ஏதோ லேசான சமாச்சாரம் என்று நினைத்துவிடக் கூடாது. தேகுக் பூம்சே என்று எட்டு இருக்கிறது. பூம்சே என்றால் எதிராளி இல்லாமல் ஒருவரே வரிசையாகச் செய்யும் தடுப்பும் குத்தும் உதையும். முதலாவது வானத்தைக் குறிக்கிறது, எட்டாவது பூமியை. வெள்ளைப் பட்டைக்காரக் குழந்தை வானத்தில் தொடங்கி, கறுப்புப் பட்டைக்கு முன்னால் மண்ணில் வந்து இறங்குகிறது. இதை யோசித்து வைத்தவர் யாரோ, ரசிகர்!

தேர்வு நாளில் குக்கிவோனுக்குப் போயிருக்கிறீர்களா? கங்னம் ஸ்டேஷனில் இறங்கி மேட்டில் ஏற வேண்டும், மேலே பழைய பாணியில் ஓடு வேய்ந்த கூரை. உள்ளே வரிசை வரிசையாகப் பிள்ளைகள். என் மகள் பூம் தேர்வுக்கு நின்றபோது நான் மேலே பார்வையாளர் இருக்கையில் இருந்தேன். பக்கத்தில் ஒரு கொரியப் பாட்டி. நான் உதை எவ்வளவு உயரம் போகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன், அந்தப் பாட்டி காலையே பார்க்கவில்லை, தரையைப் பார்க்கிறார். என்ன பாட்டி பார்க்கிறீர்கள் என்று என் அரைகுறைக் கொரிய மொழியில் கேட்டேன். எங்கே தொடங்கினாளோ அங்கேயே வந்து முடிக்கிறாளா என்று பார்க்கிறேன் என்றார்.

அப்புறம்தான் எனக்கும் விளங்கியது. தேகுக் பூம்சே எல்லாம் தொடங்கிய புள்ளியிலேயே முடிய வேண்டும். ஒரு அடி முன்னால் முடிந்தால், நடுவில் எங்கோ ஒரு நிலை நீண்டுவிட்டது. பக்கவாட்டில் விலகி முடிந்தால், ஒரு திருப்பத்தில் பாதம் கோணலாக விழுந்துவிட்டது. யாரும் குறை சொல்லத் தேவையில்லை, தரையே சொல்லிவிடும். எட்டாவது பூம்சேயில் குதித்து உதைக்கும் முன் உதை ஒன்று உண்டு. அதற்குப் பிறகும் அளவு மாறாமல் வந்து நிற்பது சின்ன விஷயமா? அப்புறம் ஜோடி போட்டுச் சண்டை. அதில் ஜெயிப்பதும் தோற்பதும் முக்கியமில்லை. அடி வாங்கிய பிறகும் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறதா, முடிந்ததும் எதிரில் இருப்பவருக்குக் குனிந்து வணக்கம் வைக்கிறதா, அதைப் பார்க்கிறார்கள். ஒரு பிள்ளை அழுதுகொண்டே சண்டை போட்டான். அழுதுகொண்டே வணக்கமும் வைத்தான். கடையில் வாங்குவது பட்டைத் துணியைத்தான், அந்த வணக்கம் எந்தக் கடையிலும் கிடைக்காது.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய தங்கை, "பட்டை வாங்கிவிட்டால் எல்லாம் வந்துவிட்டது என்று மண்டைக்கனம் ஏறுகிறது" என்றார். ஏறும் அம்மா, ஒரு வாரம் ஏறும். அடுத்த வாரம் கொர்யோ பூம்சே தொடங்குவார்கள், இறங்கிவிடும். இரண்டாம் தானுக்கான பாடம் அது. இரண்டு உள்ளங்கைகளையும் திறந்து, வயிற்றருகிலிருந்து கழுத்து உயரத்துக்கு மெல்ல மெல்ல உயர்த்தி, எதையோ தள்ளுவதுபோல நின்று தொடங்க வேண்டும். அதுவரை படபடவென்று செய்து பழகிய பிள்ளைகளுக்கு அந்த நிதானமே வராது. அடுத்த நொடி ஒரே காலால் இரண்டு பக்க உதை, முதலில் முழங்கால் உயரத்தில், காலைத் தரையில் வைக்காமல் அப்படியே உடல் உயரத்தில் இன்னொன்று. நேற்றுவரை தோஜாங்கில் ராஜாவாக இருந்த பையன் ஒற்றைக் காலில் தள்ளாடுவதைப் பார்க்க வேண்டுமே!

அதோடு முடிந்ததா? முதல் தானிலிருந்து இரண்டாவதுக்குக் குறைந்தது ஒரு வருடம், அங்கிருந்து மூன்றாவதுக்கு இரண்டு வருடம், நான்காவதுக்கு மூன்று, ஐந்தாவதுக்கு நான்கு என்று இடைவெளி நீண்டுகொண்டே போகும். ஒன்பதாம் தானுக்கு விண்ணப்பிக்கவே 53 வயது ஆகியிருக்க வேண்டும். முதல் படியை எல்லோரும் ஏறும்படி வைத்துவிட்டு, மேலே போகப் போகக் காலத்தையே விலையாகக் கேட்கிறார்கள். நடுநிலைப் பள்ளிக்குப் போனதும் கணக்கு டியூஷன், ஆங்கில டியூஷன் என்று பாதிப் பிள்ளைகள் நின்றுவிடுவார்கள். தங்கிவிடும் பிள்ளைகளை ஒரு சாயங்காலம் தோஜாங்கில் போய்ப் பாருங்கள். வகுப்பு தொடங்குமுன் ஆறு வயது வாண்டு ஒன்று அவிழ்ந்த பட்டையோடு ஓடிக்கொண்டிருக்கும். மாஸ்டர் ஒன்றும் சொல்லமாட்டார், கண்ணைக் காட்டுவார். பன்னிரண்டு வயதுப் பெண் போய் அதன் முன்னால் மண்டியிட்டு, பட்டையைச் சுற்றி, இரண்டு முனையும் ஒரே நீளம் வரும்வரை இழுத்துப் பார்த்து முடிச்சுப் போடுவாள். அப்புறம் வகுப்பில் அந்த வாண்டுக்கு உதைப் பலகை பிடிப்பதும் அவள்தான், அடி தவறித் தன் கையில் பட்டால் பொறுத்துக்கொள்வதும் அவள்தான். வீட்டில் தம்பிக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்காத பெண் இதைச் செய்கிறாளே என்று அவள் அம்மாவே என்னிடம் அங்கலாய்த்தார்.

காசு விஷயத்தை மட்டும் எதிரணிக்கு விட்டுக்கொடுத்துவிடுகிறேன். தேர்வுக் கட்டணம், சான்றிதழ்க் கட்டணம், புது தோபோக் (பயிற்சி உடை) என்று ரசீது நீளும்போது எனக்கும் எரிச்சல் வரத்தான் செய்கிறது. உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டால் நடுவர் ஐயாவுக்கு நம் மேல் ஒரு நம்பிக்கை வரும் பாருங்கள்!

கடைசியாக அந்த கௌரவ ஒன்பதாம் தான். டிரம்புக்கு 2021-இல் கொடுத்தார்கள், கொடுத்தது குக்கிவோனேதான். அதற்கு எங்கள் அணியில் யாரிடமும் பதில் இல்லை, கொடுத்தவர்களைத்தான் கேட்க வேண்டும். அது கௌரவப் பட்டம், பூம்சே செய்து வாங்கியதில்லை என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். ஆனால் அண்ணன் புதின் பெயரையும் சேர்த்துச் சொல்லிவிட்டு, பாதிக் கதையில் எழுந்து போய்விட்டார். மீதியை நான் சொல்கிறேன். 2013-இல் புதினுக்குக் கௌரவ ஒன்பதாம் தான் கொடுத்தது உலக டேக்வாண்டோ அமைப்பு. 2022 பிப்ரவரி 24-இல் ரஷ்யப் படை உக்ரைனுக்குள் நுழைந்தது. நான்கே நாளில், பிப்ரவரி 28-இல், வெற்றியைவிட அமைதி பெரிது என்பது எங்கள் கொள்கை என்று சொல்லி அந்தப் பட்டத்தை அதே அமைப்பு திரும்ப எடுத்துக்கொண்டது.

நடுவர் அவர்களே, மணியில் கை வைத்துவிட்டீர்கள், தெரிகிறது. எனக்குப் பின்னால் எதிரணியில் இன்னும் ஒருவர் பேச இருக்கிறார். அவரிடம் ஒரே ஒரு கேள்வி. கறுப்புப் பட்டை வெறும் அலங்காரம் என்றால், ஒரு நாட்டின் அதிபர் கட்டியிருந்த அலங்காரத்தை நான்கே நாளில் அவிழ்த்து வாங்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு ஏன் வந்தது? அதற்கு அவர் பதில் சொல்லட்டும், பிறகு தீர்ப்பை நீங்கள் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.